கூரை மெலிந்த இடத்தில்தான் நீலம்

அந்தப் படம் உங்கள் ஃபோனிலும் வந்து போயிருக்கும். மேலே நீலமாக ஒளிரும் பனிக்கூரை, நடுவே வெளிச்சமாக ஒரு குகைவாய், அந்த வாயில் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். குகை எவ்வளவு பெரியது என்று காட்ட ஆள் வேண்டும். நீலத்துக்கு நடுவே சிவப்பு எடுப்பாக இருக்கும். வெளிச்சத்துக்கு முன்னால் நின்றால் உருவம் பளிச்சென்று பிரிந்து தெரியும். கேமரா பிடிக்கத் தெரிந்த யாரும் ஆளை அங்கேதான் நிறுத்துவார்கள். பனி இடிந்து விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஐஸ்லாந்தின் தென்கிழக்கில் வாத்னாயோகுட்ல் என்ற பெரும் பனிப்பரப்பு இருக்கிறது. அந்த நாட்டின் நிலத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் அதன் அடியில்தான். அதிலிருந்து கடல் பக்கம் இறங்கும் பனியாறுகளில் ஒன்று பிரெய்தாமெர்குர்யோகுட்ல். கோடையில் உருகும் நீர் இந்தப் பனியாற்றின் அடியில் வழி குடைந்துகொண்டு ஓடும். குளிர்காலம் வந்து ஓட்டம் வற்றியதும் அந்த வழி காலியாகிவிடும். அதுதான் குகை. உள்ளே போனால் சுவர் முழுக்க உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பான குழிகள். நீரும் காற்றும் செதுக்கியவை. ஊடே ஒரு கறுப்புக் கோடு ஓடும். எப்போதோ வெடித்த எரிமலையின் சாம்பல், பனியோடு பனியாக அமுங்கிப் போயிருக்கிறது.

பழைய பனி தன் பாரத்திலேயே இறுகி, காற்றுக்குமிழிகள் நசுங்கிப் போனதால் வெளிச்சம் அதற்குள் ஆழமாகப் போகிறது. போகும் வழியில் பனி சிவப்பை எல்லாம் குடித்துவிட்டு நீலத்தை மட்டும் நம் பக்கம் விடுகிறது. ஆனால் கூரை மிகவும் தடித்திருந்தால் அந்த நீலமும் வராது, உள்ளே கும்மிருட்டுதான். கூரை மெலிந்த இடத்தில், அதாவது வாய்க்கு அருகில்தான், அந்தப் புகழ்பெற்ற நிறம் கிடைக்கிறது. கேமரா கேட்பதும் தலைக்கு ஆகாததும் ஒரே கூரை.

பனிக்கட்டி ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 900 கிலோ. சுற்றுலா நடத்துபவர்கள் மாட்டிவிடும் ஹெல்மெட், வழுக்கி விழுந்தாலோ கையளவு துண்டு மேலே பட்டாலோ காப்பாற்றும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

2024 ஆகஸ்ட் 25 அன்று இதே பிரெய்தாமெர்குர்யோகுட்லில் சுற்றுலாக் குழு ஒன்றின் மேல் பனி சரிந்தது. அமெரிக்கர் ஒருவர் இறந்தார், உடனிருந்த பெண் காயங்களோடு மீட்கப்பட்டார். குழுவில் 25 பேர் என்று முதலில் சொன்னதால், இன்னும் இருவர் உள்ளே சிக்கியிருக்கிறார்கள் என்று மறுநாளும் கையாலேயே பனியை வெட்டி வெட்டித் தேடினார்கள். வந்ததே 23 பேர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. யார் உள்ளே போனார்கள் என்ற பட்டியல்கூடச் சரியாக இல்லாமல் ஆட்களை அழைத்துப்போயிருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மாதம். ஆகஸ்ட்! நவம்பர் முதல் மார்ச் வரைதான் இந்தக் குகைகளுக்குள் போகும் காலம் என்பது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். கோடையில் கூரைக்கு மேலே வெயிலும் மழையும் கரைக்க, கீழே ஓடும் நீர் அடிச்சுவரை அரிக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பிக் ஃபோர் என்ற மலையடியிலும் இதே கதைதான். அங்கிருப்பது பனியாறு அல்ல, பனிச்சரிவில் வந்து குவிந்த பனி. ஆனால் குகை உருவாவதும் விழுவதும் இதே மாதிரி. 2010-இல் விழுந்த பனியில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். 2015-இல் குகை இடிந்து ஒரு பெண் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். இரண்டும் ஜூலை மாதம். உள்ளே போகாதீர்கள் என்ற எச்சரிக்கை அங்கே ஏற்கனவே இருந்தது.

வழிகாட்டிகளைக் கேட்டால், தினமும் காலையில் பார்த்துவிட்டுத்தான் அழைத்துப்போகிறோம் என்பார்கள். இருக்கலாம். புதிய விரிசல், தரையில் புதிதாகக் கிடக்கும் துண்டுகள், கூடிவிட்ட சொட்டு, உயர்ந்துவிட்ட நீர்மட்டம் என்று அவர்கள் கண்ணுக்குப் படுவது நமக்குப் படாது. ஆனாலும் காலை எட்டு மணிக்குப் பார்த்த கூரை பகல் இரண்டு மணிக்கு அதே கூரை இல்லை. குளிர்காலத்திலேயே நல்ல மழை பெய்தால் பயணத்தை ரத்து செய்கிறார்கள். அப்படி ரத்து செய்தால் பணம் கட்டியவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் வேடிக்கை.

போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: குகைக்குள் நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு. நீண்ட எக்ஸ்போஷர், வாயின் வெளிச்சத்துக்கு ஒன்று உள்ளிருட்டுக்கு ஒன்று என அடுக்கடுக்காக ஷாட், கூட்டம் விலகும் வரை காத்திருப்பு என்று ஒரே கோணத்துக்குப் பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடமும் மெல்லிய விளிம்புக்குக் கீழேயா? லென்ஸ் மாட்டுவது, ட்ரைபாடைத் திறப்பது, செட்டிங் எல்லாம் வெளியிலேயே முடிய வேண்டும். அகலக்கோண லென்ஸ் ஒன்று போதும். உள்ளே மாற்றினால் சென்சாரில் சொட்டு விழும். வாயைத் தாண்டும்போது நிற்காமல் கடந்துவிட வேண்டும். தரையில் உடைந்த துண்டுகள் கிடக்கும் இடத்தில் ட்ரைபாட் வைக்கவே கூடாது. அவை மேலிருந்து வந்தவை. கேமராவின் ஒளி மீட்டரை அப்படியே நம்பினால் படத்தில் பனி அழுக்குச் சாம்பல் நிறமாகத்தான் விழும், அரை ஸ்டாப்பாவது கூட்ட வேண்டும். மாற்று பேட்டரி சட்டைக்குள் உடம்போடு ஒட்டி இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் செத்துவிடும். விடுதிக்குத் திரும்பியதும் கேமராவை வெளியே எடுக்காமல், பைக்குள்ளேயே மூடி வைத்து மெல்லச் சூடாகவிட வேண்டும். இல்லையென்றால் லென்ஸுக்குள் ஈரம் கட்டும்.

எரிமலைச் சூட்டால் உருவாகும் குகைகள் தனி ரகம். 2018-இல் ஐஸ்லாந்தின் ஹொஃப்ஸ்யோகுட்ல் பனிப்பரப்பில் அப்படியொரு குகைக்குள் ஒருவர் இறந்து கிடந்தார். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமாக இருந்தது. வாயு அளக்கும் கருவி இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது.

ஆனால் குகைக்குள் போகிறவரைவிட, வீட்டில் உட்கார்ந்து படத்தைப் பகிர்கிறவர்தான் என் கவலை. பிப்ரவரியில் எடுத்த நீலப் படம் ஜூலையிலும் சுற்றுகிறது. அதன் மேல் மாதமும் இல்லை, ஆண்டும் இல்லை. போன ஆண்டு இருந்த குகை இந்த ஆண்டு அங்கே இருக்காது. பனியாறு பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. படத்தைப் பார்த்தவர் அந்தக் குகையையே கேட்கிறார், லீவு கிடைத்த மாதத்தில் கேட்கிறார். கேட்பவர் இருந்தால் அழைத்துப்போகவும் ஒருவர் கிளம்பிவிடுவார். படத்தை வெளியிடும்போது எடுத்த மாதத்தை மூலையில் போட என்ன செலவு? சாப்பிட்ட தோசைக்குத் தேதி, இடம் எல்லாம் போடுகிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஐஸ்லாந்து விசா வேண்டாம், கோமுகமே போதும். கங்கோத்ரி பனியாற்றின் முகப்பில், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பாகீரதி வெளியே வருவதே ஒரு பனிக்குகையிலிருந்துதான். தமிழ்நாட்டிலிருந்தும் யாத்திரை போகிறார்கள். சிக்கல் என்னவென்றால், அங்கே பாதை திறந்திருப்பதே உருகும் மாதங்களில்தான். பனி மூடிய காலத்தில் போக வழியில்லை. 2016 ஜூலையில் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, பனித்துண்டுகள் 18 கிலோமீட்டர் கீழே கங்கோத்ரி ஊர் வரை ஆற்றோடு வந்தன. ஆக, கோமுகத்துக்கு அகலக்கோண லென்ஸே தேவையில்லை. 70-200 ஜூம் ஒன்றை மாட்டிக்கொண்டு, முகப்பிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தால், குகைவாயும் அதிலிருந்து வரும் ஆறும் பின்னால் சிவலிங் சிகரமும் அங்கிருந்தே கிடைக்கும்.