விரலுக்கேற்ற இசைக்கருவி

இசை பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு: "எந்தக் கீபோர்டு வாங்கலாம்?" பங்கின் பாடகர் குழுவினரும் இதே வினாவை எழுப்புகின்றனர். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் பொருளாதலின், முடிவைக் கடைக்காரரின் சொல்லுக்கே விட்டுவிடுதல் முறையன்று. கடையில் ஒரு கருவி தன்னிடம் நூற்றுக்கணக்கான ஓசைகள் உண்டென்கிறது. மற்றொன்று தாளங்களின் எண்ணிக்கையைப் பறைசாற்றுகிறது. ஆயின் பிள்ளையின் கை நாள்தோறும் பழகப்போவது இவ்வெண்ணிக்கையோடு அன்று, கட்டைகளோடுதான். இதனை முதலில் மனத்திற் கொள்வோம்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், மெதிச்சி குலத்தாரின் பணியிலிருந்த பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி என்பவர் 1700ஆம் ஆண்டையொட்டிப் பியானோவைப் படைத்தார். அதற்கு முன் வழங்கிய ஹார்ப்சிகார்டு என்னும் கருவியில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஓசையின் அளவு ஏறத்தாழ ஒன்றே. ஏனெனில் அங்கே தந்தி மீட்டப்பட்டது. கிறிஸ்தோஃபோரியோ சிறு சுத்தியல்கள் தந்தியைத் தட்டுமாறு அமைத்தார். விரலின் வேகம் சுத்தியலின் வேகமாயிற்று; மென்மையும் வன்மையும் வாசிப்பவரின் கைவயப்பட்டன. 'பியானோ ஃபோர்ட்டே' என்னும் பெயரின் பொருளும் 'மெல்ல, உரக்க' என்பதே.

ஆலயத்துக் குழல் ஆர்கன் வேறு இனத்தது. அதில் காற்றே ஒலிக்கிறது. கட்டையை அழுத்தும் வலிமையால் ஓசை கூடுவதில்லை. விரலை எடுக்கும்வரை ஒலி குன்றாது நிற்கும். நமக்கு நன்கு பழக்கமான ஆர்மோனியத்திலும் ஓசையை ஏற்றி இறக்குவது துருத்தியேயன்றி விரலன்று. பியானோவின் ஒலியோ எழுந்த கணமே தேயத் தொடங்குகிறது. ஆகவே, "ஆர்கன் வாசிக்கவா, பியானோ பயிலவா?" என்பதே கடைக்குச் செல்லுமுன் நாம் விடைகாண வேண்டிய முதற்கேள்வி.

மின்னணுப் பியானோக்கள் பலவற்றில், உண்மைப் பியானோவின் ஓசைகள் மெல்லத் தட்டியும் ஓங்கித் தட்டியும் பதிவு செய்யப்பட்டுச் சேமிக்கப்பட்டுள்ளன. கட்டையின் அடியிலுள்ள உணர்விகள் அது எவ்வளவு விரைவாகக் கீழிறங்குகிறது என்பதை அளக்கின்றன. அவ்விரைவுக்கேற்ற ஓசையைக் கருவி தேர்ந்து எழுப்புகிறது. விரைவை அறியும் இத்திறன் இல்லாத மலிவான கருவிகளும் விற்கப்படுகின்றன. பியானோ பயிலும் பிள்ளைக்கு அவை உதவா.

விரைவை அறிந்தால் மட்டும் போதாது. கட்டையில் எடையும் வேண்டும். சாதாரணக் கீபோர்டில் வில்கம்பிதான் கட்டையை மேலே தள்ளுகிறது, அது இலேசானது. பெரும்பாலும் 61 கட்டைகளே இருக்கும். சுத்தியல் அமைப்புடைய மின்னணுப் பியானோவில் உண்மைப் பியானோவைப் போன்று 88 கட்டைகள், அதாவது வெள்ளை 52, கறுப்பு 36, இருக்கும். நல்ல கருவிகளில் இடப்பக்கத்துக் கட்டைகள் சற்றுக் கனமாகவும் வலப்பக்கத்தவை இலேசாகவும் அமைந்திருக்கும். லண்டன் டிரினிட்டி கல்லூரி கீபோர்டுக்கும் பியானோவுக்கும் தனித்தனித் தேர்வுகளை நடத்துவதிலிருந்தே இவை இருவேறு கருவிகள் என்பது தெளிவாகும்.

இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாவிடில் நேர்வது யாது? இலேசான கட்டைகளில் ஈராண்டு பயின்ற பிள்ளை உண்மைப் பியானோவின்முன் அமருகிறது. மெல்ல வாசிக்க வேண்டிய இடத்தில் ஒலியே எழுவதில்லை. சிறுவிரல் விரைவில் களைத்துப்போகிறது. "எனக்கு இசை வராது" என்று பிள்ளை சோர்ந்துவிடும். பெற்றோரும் அதனை நம்பிவிடக்கூடும். குறை பிள்ளையிடம் இல்லை. கை பழகிய கருவியில் இருக்கிறது.

கடையில் சோதிக்கும் முறையைக் கூறுவோம். தானே இசைக்கும் மாதிரிப் பாட்டைக் கேட்டு முடிவு செய்யலாகாது. எதிரொலி சேர்க்கும் வசதியை முதலில் நிறுத்திவிடுங்கள்; அது குறைகளை மூடி மறைக்கும். பின்னர் ஒரே கட்டையை மிக மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வலுவாக அழுத்துங்கள். ஓசை சீராக வளர வேண்டும், திடீரெனத் தாவலாகாது. இடக்கோடியிலுள்ள ஒரு கட்டையை அழுத்தியவாறே வைத்திருங்கள். ஒலி இயல்பாகத் தேய்ந்து மறைதல் வேண்டும். ஒரே கட்டையை விரைந்து பலமுறை தட்டுங்கள், எத்தட்டும் விடுபடலாகாது. பெடலை மிதித்தவாறு பல சுரங்களை வாசித்து, முன்னெழுந்த ஒலிகள் அறுபடுகின்றனவா என்று கவனியுங்கள். ஹெட்போனில் மட்டுமன்றிக் கருவியின் சொந்த ஒலிபெருக்கியிலும் கேளுங்கள்.

'ஸ்டேஜ் பியானோ' மேடைக்கென அமைந்தது. இவ்வகையிற் பலவற்றில் ஒலிபெருக்கி இராது. அதனைத் தனியே வாங்க வேண்டும். ஊர் ஊராகச் சென்று வாசிப்பவருக்கு அது ஏற்றது. இல்லத்திற்கோ ஒலிபெருக்கியும் உறுதியான ஸ்டாண்டும் பெடலும் உடைய மின்னணுப் பியானோவே வசதியானது. ஈரக்காற்று வீசும் கடற்கரையூர்களில் மரப்பியானோவின் சுருதி எளிதில் கலைகிறது. மின்னணுக் கருவிக்கு அத்தொல்லை இல்லை.

பாடகர் குழுவின் தேவை வேறு. 1963ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, குழல் ஆர்கனை உயர்வாக மதிக்கச் சொல்கிறது. வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளையும் உரிய அதிகாரத்தின் இசைவோடு ஏற்கிறது. மக்களின் பாடலைத் தாங்கி நிற்கும் நல்ல ஆர்கன் ஓசை, பாடுவோரின் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றும் வசதி, ஆலயத்தின் ஒலியமைப்போடு இணைக்கும் வழி ஆகியவையே இங்கு முதன்மையானவை. இலேசான கட்டைகளே இதற்குப் போதும். பியானோவுக்குரிய கனமான கட்டைகளுக்குப் பங்கின் பணத்தைச் செலவிட வேண்டுவதில்லை.

எனவே பெற்றோரே, கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும், இயலுமாயின் இசை ஆசிரியரையும் உடனழைத்துச் செல்லுங்கள். பிள்ளையே அமர்ந்து வாசிக்கட்டும். கைப்பணம் குறைவெனில், பத்தே ஓசைகள் உடையதாயினும் கட்டைகள் நன்றாயுள்ள கருவியை வாங்குங்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கருவியாயினும் குற்றமில்லை. ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.