அயர்லாந்தில் ஐரிஷ் மொழிப் பாடமும் ஆசிரியர் கருத்தும்

ஒரு மொழி நாட்டின் முதல் ஆட்சிமொழியாக இருந்தும் வீட்டுமொழியாக இல்லாமற் போவதுண்டோ என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு என்பதற்கு அயர்லாந்தே சான்று. 1937-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் எட்டாம் விதி, ஐரிஷ் மொழியை முதல் ஆட்சிமொழி என்றும், ஆங்கிலத்தை இரண்டாம் ஆட்சிமொழி என்றும் வகுத்துள்ளது. ஆனால் 2022-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில், ஐரிஷ் பேசத் தெரியும் என்றவர் ஏறத்தாழ 18 இலட்சத்து 70 ஆயிரம் பேர். கல்விக்கூடத்திற்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவதாகச் சொன்னவரோ ஏறத்தாழ 72 ஆயிரம் பேரே.

பெரும்பாலும் மேற்குக் கடற்கரையை ஒட்டி அமைந்த, கேல்டாக்ட் எனப்படும் ஐரிஷ் வழங்கும் பகுதிகளை விட்டால், மிகப் பல குழந்தைகள் அம்மொழியைத் தாயிடம் கற்பதில்லை, ஆசிரியரிடமே கற்கின்றனர். ஆகவே, பாடத்திட்டத்தில் ஒரு வரி மாறினாலும் அது மொழியின் வாழ்வையே தொடும். அந்த வரியை எழுதுவோர், வகுப்பறையில் நிற்பவரைக் கேட்டார்களா என்பதே நாம் ஈண்டு ஆராயும் பொருள்.

1922-இல் ஐரிஷ் சுதந்திர நாடு பிறந்தபோது மொழி மீட்சி தேசிய இலட்சியமாக விளங்கிற்று. ஐரிஷ் தேசிய ஆசிரியர் சங்கம் 1921-இல் தானே கூட்டிய மாநாட்டின் பரிந்துரைகள்தாம் தொடக்கப் பள்ளிப் பாடத்திட்டத்திற்கு அடிப்படையாயின. கற்பிக்க வல்ல ஆசிரியர் உள்ள பள்ளிகளில், 1922 மார்ச் 17 முதல் நாள்தோறும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் ஐரிஷ் இடம் பெற வேண்டும் என்று அரசு விதித்தது. சிறு குழந்தைகளின் வகுப்போ முழுவதும் ஐரிஷிலேயே நடத்தப்பட வேண்டும் என்பது புதிய திட்டம். ஆர்வம் மிகுந்திருந்தது, ஆனால் ஆசிரியரில் மிகப் பலருக்கு அம்மொழி தெரியாது. கோடை விடுமுறையில் அவர்களே மாணாக்கராய் அமர்ந்து கற்க நேர்ந்தது.

1926-இல் இரண்டாவது மாநாடு சிறிது தளர்வு தந்தது. காலை பத்தரை மணிக்கு முன்னும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னும் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் கற்பிக்கலாம் என்றாயிற்று. 1934-இல் அத்தளர்வும் நீக்கப்பட்டது.

வீட்டில் ஆங்கிலம் பேசும் குழந்தைக்குப் பிற பாடங்களையும் ஐரிஷ் வழியாகக் கற்பிப்பதால் விளைவது என்ன? ஆசிரியர் சங்கம் இக்கேள்வியைத் தன் உறுப்பினரிடமே கேட்டு, 1941-இல் அறிக்கை வெளியிட்டது. அம்முறையால் குழந்தைகள் போதிய பயன் பெறவில்லை என்பதே மறுமொழி அளித்தவருள் பெரும்பாலோர் கருத்து. கணக்கே புதிது, அதைச் சொல்லும் மொழியும் புதிது என்றால், குழந்தை இரண்டு சுமைகளை ஒருங்கே தூக்க வேண்டியிருக்கிறதன்றோ? இப்படிச் சொன்னவர்கள் மொழிக்குப் பகைவர் அல்லர். மொழி மீட்சிக்கு முதலில் தோள் கொடுத்தவர்களின் சங்கத்தார். எனினும் கல்வி அமைச்சர் அவ்வறிக்கையை ஏற்கவில்லை. சிறு குழந்தைகளுக்கு எம்மொழி வழியாகக் கற்பிப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம் என்னும் உரிமை 1960-இல்தான் வந்தது. இடையில் ஒரு தலைமுறை பள்ளியைக் கடந்து போய்விட்டது.

இக்காலத்தில் கருத்தறிவதற்கென்றே வழிமுறைகள் உள்ளன. பாடத்திட்டத்திற்கும் மதிப்பீட்டிற்குமான தேசிய மன்றம் வரைவை வெளியிடுகிறது. வினாத்தாள், எழுத்து மூலமான கருத்துரை, நேர்முகக் கூட்டம் ஆகியவற்றால் ஆசிரியர், மாணவர், பெற்றோர் எண்ணங்களைத் திரட்டுகிறது. 2021-இல் பள்ளி இறுதி வகுப்புகளுக்காக, ஐரிஷ் வழிப் பள்ளிகளுக்கு ஒன்றும் ஆங்கில வழிப் பள்ளிகளுக்கு ஒன்றுமாக இரு வரைவுகள் இவ்வாறு வெளிவந்தன. மொழியில் தேர்ந்த மாணவர், பல்கலைக்கழக நுழைவிற்கான மதிப்பெண் கருதி, எளிய பாடத்தையே நாடுவரே என்ற ஐயம் அப்போது எழுந்தது. இந்த ஐயம் வரைவுத் தாளை மட்டும் பார்ப்பவருக்கு எளிதில் புலப்படாது. மாணவரின் மனத்தை அறிந்தவருக்கே புலப்படும்.

மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத் தக்கது. ஐரிஷ், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளின் முதல் தாளை இறுதியாண்டிற்கு முந்திய ஆண்டின் முடிவிலேயே நடத்துவது என்று 2022 மார்ச்சில் அமைச்சர் அறிவித்தார். தேர்வு நெருக்கடியைக் குறைப்பது நோக்கம். ஆனால் எழுத்தாற்றல் இறுதியாண்டில்தான் முதிர்கிறது என்றும், நெருக்கடி குறையாமல் ஈராண்டுக்கும் பரவும் என்றும் ஆசிரியர்கள் எதிர்த்தனர். 2023 பிப்ரவரியில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. முடிவெடுத்த பின் கேட்ட சொல்லை, முடிவெடுக்குமுன் கேட்டிருந்தால் ஓராண்டு வாதம் மிச்சமாகியிருக்கும்.

ஆசிரியர் சொல்வதெல்லாம் சட்டமாக வேண்டும் என்பதில்லை. ஆசிரியரும் பழகிய வழியை விடத் தயங்கக் கூடும். பணிச்சுமைக்கு அஞ்சவும் கூடும். ஆயினும் கருத்துக் கேட்பது வெறும் சடங்காகாதிருக்க மூன்று நெறிகள் வேண்டும். வரைவு இறுகுமுன் கேட்க வேண்டும். கேல்டாக்டுப் பள்ளி, ஐரிஷ் வழிப் பள்ளி, ஆங்கில வழிப் பள்ளி ஆகிய மூவகையாரையும் தனித்தனியே கேட்க வேண்டும். எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று அவர்களுக்கே திருப்பிச் சொல்ல வேண்டும்.

டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நமக்கும் இது புறம்பான செய்தி அன்று. தெருவில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் கேட்டு வளரும் நம் குழந்தைகளுக்கு வார விடுமுறையில் தமிழ் கற்பிப்பவரிடம், "எத்தனை பாடம் முடிந்தது?" என்று கேட்கிறோம். "குழந்தை எந்த இடத்தில் வாய் திறக்கத் தயங்குகிறது?" என்றும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அவ்விடையில் பள்ளி செய்யவேண்டியது பாதி இருக்கும். வீட்டில் நாம் செய்யவேண்டியது மீதிப் பாதி இருக்கும்.