இரண்டு கிராமைத் தாங்கும் ஊசி

1939-இல் 9என் என்ற மாடலில் தொடங்கி 1952-இல் முடிந்த 8என் வரை, ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் லட்சக்கணக்கான சிறிய டிராக்டர்களைத் தயாரித்தது. அவற்றில் பல அங்குள்ள பண்ணைகளில் இன்றும் உழைக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் தொல்லை, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுவது. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே ஓர் இரவில் அரை லிட்டருக்கு மேல் போய்விடும்.

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அந்த அளவில் இரண்டையும் கலப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. காற்றுப்பாதை ஓரிடத்தில் ஒடுங்குகிறது. இந்த ஒடுக்கத்துக்கு வெஞ்சுரி என்று பெயர். ஒடுக்கத்தில் காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் ஒரு மெல்லிய குழல் வழியாக மேலேறித் தூவலாகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது பெட்ரோல் அந்தக் குழலின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். மட்டம் சில மில்லிமீட்டர் உயர்ந்தாலே போதும், தானாக வழியத் தொடங்கிவிடும்.

இந்த மட்டத்தைக் காப்பது ஒரு பித்தளை மிதவை. மாடித் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறதே, அதே உத்திதான்: கிண்ணம் நிரம்ப மிதவை உயர்கிறது, ஓர் ஊசியை மேலே தள்ளி வரும் வழியை அடைக்கிறது. இந்த டிராக்டரில் பெட்ரோலை அனுப்ப பம்ப் கிடையாது. எஞ்சினுக்கு மேலே இருக்கும் டாங்கிலிருந்து தன் எடையாலேயே அது இறங்கி வருகிறது. டாங்கில் பெட்ரோல் அரை மீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஊசி அடைக்கும் துளை இரண்டரை மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக் கணக்கிட்டால், ஊசியை அழுத்தும் விசை இரண்டு கிராம் எடைக்கும் குறைவு! விசை இவ்வளவு சிறியது என்பதால்தான் காற்றடைத்த ஒரு சிறு மிதவையால் அதைத் தடுக்க முடிகிறது. அதனாலேயே, டாங்கிலிருந்து வந்த ஒரு துருத்துகள் இடையில் சிக்கினாலும் அடைப்பு தோற்றுவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த ஏற்பாடு. இந்தக் கார்புரேட்டரில் காற்று கீழிருந்து மேலே போகிறது. மிஞ்சிய பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலைக் கெடுக்காமல், காற்றுப்பாதையின் அடியிலுள்ள சிறு துளை வழியாக வெளியே விழுகிறது. ஆகவே எஞ்சினை நிறுத்தியதும், அல்லது சோக்கை அதிகம் இழுத்த பிறகும், சில சொட்டுகள் விழுந்து நின்றுவிட்டால் அது கோளாறே அல்ல.

நிற்காமல் சொட்டினால் டாங்கின் அடியிலுள்ள வால்வை மூடி, எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, மறுபடி திறந்து எங்கே முதலில் ஈரம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நெருப்போ பொறியோ கூடாது. இரண்டு பாகங்கள் சேரும் விளிம்பில் ஈரமென்றால் கேஸ்கட். மேலிருந்து குழாய் வழியாக வழிந்தால் டாங்கின் அடியிலுள்ள வண்டல் கிண்ணத்தின் வாஷர். கார்புரேட்டர் மேல் குற்றமில்லை. அடித்துளையில் என்றால் ஊசி அல்லது மிதவை. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கார்புரேட்டரின் உடம்பை மெல்லத் தட்டினால் சிக்கிய ஊசி சில நேரம் விடுபட்டு அமர்ந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் பிரித்து மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்க்கலாம். சலசலத்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கித் தள்ளிவைத்த வெந்நீரில் அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து, ஓட்டை உள்ள இடத்தில் குமிழிகளாக வெளியே வரும். ஈயம் வைத்து அடைக்கலாமே என்று தோன்றும். அந்த ஈயத்தின் எடையே மிதவையைத் தாழ்த்தி, பெட்ரோல் மட்டத்தை உயர்த்திவிடும்! புது மிதவை வாங்குவதே மேல். மாட்டிய பின், மேல்பாகத்தைக் கவிழ்த்து வைத்து, கேஸ்கட் பரப்புக்கும் மிதவைக்கும் இடைவெளி சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும்படி அதன் சிறு தகட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டும்.