பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாது

கோத்தகிரியில் பஸ் ஏறி, கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்க வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் எனக்கு இருந்த பெரிய பிரச்சினையே இதுதான். ஊர் கீழ் கோத்தகிரி. முதலில் ஒரு 'கீ', அதைத் தாண்டினால் ஒரு 'கோ'. எனக்கோ 'க' வராது. வராது என்றால் உச்சரிக்கத் தெரியாது என்று அர்த்தமில்லை. தனியாக இருக்கும்போது நூறு தடவை சொல்வேன். கண்டக்டர் "தம்பி, எங்க?" என்று கேட்டு நிற்கும்போது மட்டும் தொண்டைக்குள் ஒரு கதவு சாத்திக்கொள்ளும்.

அதுக்கு ஒரு வழி வைத்திருந்தேன். எங்க ஊர்க்காரர் யாராவது பஸ்ஸில் இருக்கிறாரா என்று பார்த்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவர் டிக்கெட் வாங்கினதும் "எனக்கும் ஒண்ணு" என்பேன். 'எ' எனக்குத் தொந்தரவு தராத எழுத்து. ஊர்க்காரர் யாருமே இல்லாத ஒரு சாயங்காலம், வாயில் சுலபமாக வந்த வேறொரு ஸ்டாப்பின் பெயரைச் சொல்லிவிட்டு முன்னாடியே இறங்கி, தேயிலைத் தோட்டத்து ரோட்டில் பனிமூட்டத்துக்குள் வீடு வரைக்கும் நடந்திருக்கிறேன். லேட் ஆனதுக்கு வீட்டில் வேறு காரணம் சொன்னேன்.

முப்பது வருஷம் கழித்து ஒரு ஜப்பானிய மங்காவைப் (அவர்களுடைய படக்கதை) படித்தபோது இந்த பஸ் ஞாபகம் வந்தது. இந்தப் பதிவு அந்த மங்காவைப் பற்றி, திக்குவாய் என்றால் உண்மையில் என்ன என்பதைப் பற்றி, காதல் கதைக்குள் அது வரும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றி.

ஷினோவால் சொல்ல முடியாதது

மங்காவின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஷினோவுக்குத் தன் பெயரைச் சொல்ல வராது'. எழுதி வரைந்தவர் ஷுசோ ஒஷிமி. 2011-12ல் இணையத்தில் தொடராக வந்து, 2012ல் ஒரே புத்தகமாக வெளியானது. 2018ல் ஜப்பானில் படமாகவும் எடுத்தார்கள்.

உயர்நிலைப் பள்ளியின் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்ல வேண்டும். ஒஷிமா ஷினோ என்ற பெண்ணின் முறை வருகிறது. ஜப்பானில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். அவளுக்கு உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் கஷ்டம். அதனால் 'ஒ'விலேயே மாட்டிக்கொள்கிறாள். வகுப்பு சிரிக்கிறது. எனக்கு உயிரெழுத்து சுலபம், வல்லினம் கஷ்டம். அவளுக்கு நேர்மாறு. திக்குவாய் உள்ள ஒவ்வொருவருக்கும் மாட்டிக்கொள்ளும் எழுத்துகள் இப்படித் தனித்தனியாக இருக்கும்.

ஏன் பெயர்? இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். திக்கும் பழக்கம் உள்ளவர்கள் எல்லோருமே ரகசியமாகச் சொல் மாற்றுபவர்கள். 'காப்பி' வராவிட்டால் 'டீ' குடிப்போம். 'புதன்கிழமை' வராவிட்டால் 'நாளை மறுநாள்' என்போம். வாக்கியம் வாயை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று சொல் முன்னாடி பார்த்து, ஆபத்தானதைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடுவோம். வெளியே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்றுச்சொல் கிடையாது. ஊர்ப் பெயருக்கும் கிடையாது. அங்கேதான் மாட்டுவோம். மாட்டினால், "உங்க பேரே உங்களுக்கு மறந்துபோச்சா?" என்ற பழைய ஜோக் வரும்.

தமிழர்களுக்கு ஒரு சின்ன வசதி இருக்கிறது. இனிஷியல்! 'எஸ்', 'ஆர்', 'எம்' எல்லாம் காதுக்கு உயிர் ஒலியில்தான் தொடங்கும். அலுவலக வீடியோ கூட்டத்தில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது இன்றைக்கும் இனிஷியலில் தொடங்கி, அந்த வேகத்திலேயே பெயருக்குள் போய்விடுவேன். விமானத்துக்கு ஓடுபாதை மாதிரி.

ஒஷிமிக்கே திக்குவாய் உண்டு. ஆனால் கதைக்குள் எங்கேயும் அதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் வராது. வேண்டுமென்றே தவிர்த்ததாகப் பின்னுரையில் சொல்லியிருக்கிறார். வெறும் 'திக்குவாய் பற்றிய கதை' என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

திக்கும்போது நடப்பது

திக்குவதில் மூன்று வகை உண்டு. முதலாவது, ஒலி திரும்பத் திரும்ப வருவது. இரண்டாவது, ஒலி நீண்டுகொண்டே போவது. மூன்றாவது, ஒலியே வராமல் அடைத்துக்கொள்வது. சினிமாவில் காட்டுவதெல்லாம் முதல் வகை, ஏனென்றால் அதுதான் காதில் விழும். பெரியவர்களிடம் நிறைய இருப்பது மூன்றாவது. வெளியே பார்த்தால் மௌனம். உள்ளே பெரிய மல்லுக்கட்டு.

குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவருக்குத் தங்கிவிடுகிறது. அதாவது இரண்டு பஸ் நிறைய ஆள் இருந்தால் அதில் ஒருவர். ஆண்களுக்கு இது பெண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம்.

காரணம் பயமோ வளர்ப்போ இல்லை. இன்னொருவரைப் பார்த்துப் பழகுவதாலும் வருவதில்லை. குடும்பவழியாக வருவது வெகுநாளாகத் தெரிந்ததுதான். 2010ல் டென்னிஸ் டிரெய்னாவின் ஆய்வுக் குழு பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, திக்குவாயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களை அடையாளம் காட்டியது. மூளையில் பேச்சை இயக்கும் பகுதிகளுக்கு நடுவிலான இணைப்புகளிலும் வித்தியாசம் தெரிகிறது. பயம் இதை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைக் கூட்டிவிடும். அவ்வளவுதான்.

எங்க வீட்டில் காரணம் தேடவில்லை, மருந்துதான் தேடினார்கள். பாட்டி வசம்பைச் சுட்டு, இழைத்து, நாக்கில் தடவுவார். (குழந்தைகளுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், செய்யாதீர்கள்.) வசம்புக்கு நம்ம ஊரில் இன்னொரு பெயர் உண்டு, 'பேர் சொல்லாதது'. பேர் சொல்ல வராத பையனுக்கு அந்த மருந்து! ரொம்ப நாள் கழித்துத்தான் இது உறைத்துச் சிரித்தேன்.

விசித்திரமான ஒன்று: பாடும்போது திக்காது. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும் திக்காது. பள்ளிப் பிரேயரில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஷினோவும் அப்படித்தான். அவளுக்குக் கிடைக்கும் தோழி காயோவுக்குக் கிட்டார் வாசிக்க வரும், சுருதி சேராது. ஷினோவுக்குப் பேச வராது, பாட வரும். இருவரும் சேர்ந்து பாட்டுக் குழு தொடங்குவதுதான் கதையின் நடுப்பகுதி. பேச வராத நேரத்துக்குக் காயோ அவளிடம் ஒரு நோட்டும் பேனாவும் தருகிறாள்.

இன்னும் ஒன்று. தனியாக, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துப் பேசும்போது திக்குவாய் உள்ளவர்கள் கிட்டத்தட்ட திக்குவதே இல்லை என்று 2021ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஜாக்சன் குழுவினர் எழுதினார்கள். எனக்கு இது புதுச் செய்தி இல்லை. எருமைக்கும் தேயிலைச் செடிக்கும் முன்னால் நான் பெரிய பேச்சாளர். கேட்கிற ஆள் ஒருவர் வந்ததும்தான் கதவு சாத்தும்.

எழுத்தில் எப்படித் திக்குவது?

தமிழில் எழுதும்போது 'க... க... கமலா' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நம்ம இலக்கணத்தில் ஒலி நீள்வதற்கு ஒரு முறையான குறியீடே இருக்கிறது. அளபெடை. செய்யுளில் ஓசை குறையும்போது உயிரை நீட்டி, பக்கத்தில் அதன் குறிலை எழுதுவோம். மெய்யையும் நீட்டலாம், அது ஒற்றளபெடை. நன்னூல் அதற்கு ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள், ஆய்தம் என்று 11 எழுத்துகளை ஏற்கிறது. இதில் வல்லினம் ஒன்றுகூட இல்லை.

காரணம் எளிது. 'ம்ம்ம்' என்று நீட்டலாம், காற்று மூக்கு வழியாகப் போய்க்கொண்டிருக்கும். 'க்'கை நீட்டிப் பாருங்கள். காற்று முழுக்க அடைபட்டுவிடும். நீளுவது ஒலி இல்லை, நிசப்தம். என் பஸ் பிரச்சினை முழுக்க இதுக்குள் அடக்கம். 'திக்குவாய்' என்ற சொல்லே ஒரு 'தி'யில் தொடங்கி ஒரு 'க்கு'வில் மோதுகிறது. எங்களைக் கேட்காமல் வைத்த பெயர்!

அந்த நிசப்தத்தை எழுத்தில் காட்ட முடியாது. மூன்று புள்ளியை வாசகர் கண் அரை நொடியில் தாண்டிவிடும். மங்காவில் முடிகிறது. ஒஷிமி ஷினோவின் முகத்தைப் பெரிதாக வரைந்து, சொல் வராத நேரத்தைக் கட்டம் கட்டமாக நீட்டுகிறார். பக்கத்தைத் திருப்பியும் சொல் வந்திருக்காது. வாசிக்கிற நாமும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காதல் கதையும் கிரணும்

ஜப்பானியக் காதல் மங்காக்களில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கியத்தை நோக்கித்தான் போகும். 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்று நேரில், வாயால் சொல்வது. அதுக்கென்றே 'கொகுஹாகு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பேச்சே பிரச்சினையாக இருக்கும் ஆளுக்கு இந்த இடம் எப்படி இருக்கும்?

யொஷிதோகி ஒய்மா 2013-14ல் வரைந்த 'கோஎ நோ கதாச்சி' (குரலின் வடிவம்) இதைத் தொடுகிறது. அதில் ஷோகோவுக்குக் காது கேட்காது. சைகை மொழியை விட்டுவிட்டு, தன் குரலிலேயே காதலைச் சொல்கிறாள். அவள் சொல்வது 'சுகி', பிடிக்கும் என்று அர்த்தம். அவன் காதில் விழுவது 'ட்சுகி', நிலா. அவள் சொல்லிவிட்டாள், அவன்தான் கேட்கவில்லை.

நம்ம பக்கம்? 1993ல் 'டர்' என்ற இந்திப் படத்தில் ஷாருக் கான், கிரண் என்ற பெயரில் திக்குவார். அது காதல் இல்லை, வெறி. திக்கு அந்த வெறிக்கு அடையாளம். அந்த 'க்... க்...' மிமிக்ரிக்காரர்களிடம் போய், எங்க பள்ளிக்கூடம் வரைக்கும் வந்து சேர்ந்தது. எனக்குத் தேவையான அதே 'க'! 2009ல் 'கமீனே' வந்தது. இரட்டையரில் ஒருவன் திக்குவான், அவனைக் காதலிக்கும் பெண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2015ல் மலையாளத்தில் 'சு சு சுதி வாத்மீகம்', ஜெயசூர்யா நடித்தது. திக்கும் ஆளையே நாயகனாக வைத்து, வேலையும் கல்யாணமும் அவனுக்கு எப்படி அமைகின்றன என்று போகும் படம். தமிழில் 'மொழி' (2007) காது கேளாத, வாய் பேசாத பெண்ணை மரியாதையோடு காட்டியது. திக்குவாய் மட்டும் இங்கே பெரும்பாலும் காமெடி ட்ராக்கிலேயே நின்றுவிட்டது.

டவர்

என் கதையில் கொகுஹாகு கிடையாது, பெண் பார்த்துச் செய்த கல்யாணம். திக்குவாய் உள்ளவனுக்கு அது ஒரு சொர்க்கம். பெரியவர்களே பேசிவிடுவார்கள். நான் அன்றைக்கு மொத்தம் ஐந்தாறு சொல் பேசியிருப்பேன், எல்லாம் பொறுக்கி எடுத்தவை. "பையன் ரொம்ப அமைதி" என்று பாராட்டுக்கூட கிடைத்தது. நானோ என் வீட்டாரோ உண்மையைச் சொல்லவில்லை.

நிச்சயத்துக்குப் பிறகு போன் வந்தது. போனில் முகம் தெரியாது, மௌனம் மட்டும்தான். நான் ஒரு சொல்லில் அடைத்து நிற்கும்போது அந்தப் பக்கம், "ஹலோ? ஹலோ? டவர் இல்லையா?" கீழ் கோத்தகிரியில் அப்போது செல்போன் சிக்னல் கிடைப்பதே அதிர்ஷ்டம். அதனால், "ஆமா, இங்க டவர் சரியில்ல" என்று சமாளிப்பேன். இப்படியே ரெண்டு வாரம் ஓட்டினேன்.

ஒரு நாள் அவள் பெயரைச் சொல்ல வந்து நின்றுவிட்டேன். வழக்கம்போல "ஹலோ" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் சொன்னாள்: "டவர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் இருக்கேன்."

சொன்னேன். ரொம்ப நேரம் ஆனது. திக்கித்தான் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன், முன்னாடியே சொல்லாததுக்கு மன்னிப்பும் கேட்டேன். மறைத்ததில் அவளுக்கு வருத்தம் இருந்தது, அது தீர நாளானது. திக்கில் வருத்தம் இருக்கவில்லை.

அதனால் கேட்கிறவர்களுக்குச் சில வேண்டுகோள். சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். "மெதுவா சொல்லு", "பதட்டப்படாதே" என்று சொல்லாதீர்கள். பதட்டமே இல்லாவிட்டாலும் அதைக் கேட்டதும் வந்துவிடும். கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் இருங்கள். பெரும்பாலும் சில நொடிதான் ஆகும்.

குழந்தைக்குத் திக்கு தொடர்ந்தால் வசம்பைத் தேடாமல் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். மைசூரில் 1965 முதல் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. ஊட்டி, கூடலூர் வழியாக நம்ம மலையிலிருந்து போய் வரக்கூடிய தூரம்தான். பெரியவர்களுக்கு 2008ல் தொடங்கிய இந்தியத் திக்குவாயர் சங்கம் என்ற சுய உதவி அமைப்பு இருக்கிறது. முதல் பாடமே அங்கே, திக்குவதை மறைக்காமல் திக்குவது.

போன மாசம் கோத்தகிரியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் எங்க ஊர்க்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னாடியே நான் டிக்கெட் கேட்டேன். 'கீ'யில் நின்றேன், 'கோ'விலும் நின்றேன். கண்டக்டர் மெஷினில் ஊரை அழுத்திவிட்டு, நான் முடிக்கும் வரைக்கும் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார்.