பரிசும் பிரம்பும்

ஒழுங்கு வேறு, ஒழுக்கம் வேறு. மணி ஒலித்ததும் வரிசையிற் செல்லுதல், சீருடை அணிதல், ஆசிரியர் வரும்போது எழுந்து நிற்றல் என்பன ஒழுங்கின்பாற்படும். எவருங் காணாதவிடத்தும் தோழனுடைய விடைத்தாளை நோக்காதிருத்தல் ஒழுக்கமாகும். முன்னையதைப் பிறர் விதிக்கலாம். பின்னையதை மாணவன் தானே மேற்கொள்ளல் வேண்டும். ஒன்று மற்றையதற்குப் படியாகுமா, அன்றித் தடையாகுமா என்பது பரிசையும் தண்டனையையும் நாம் கையாளும் முறையிலேயே தங்கியுள்ளது.

பழைய பள்ளிகளில் இவ்விரண்டும் பொழுது விடிந்ததுமே வழங்கப்பட்டன. பல்லாரி மாவட்ட ஆட்சியராயிருந்த காம்பெல் என்பார் 1823 இற் சென்னை அரசுக்கு எழுதிய அறிக்கை அதனை விளக்குகின்றது. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையிற் சரசுவதியின் பெயர் எழுதப்படும்; இரண்டாமவனுக்குச் சுழி; மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி; நான்காமவனுக்கு இரண்டு; பின் வருவோர்க்கு ஒவ்வொன்றாய் ஏறும். சோம்பியிருந்தோர் கைகள் பிணிக்கப்பட்டுக் கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டனர். அன்றி, இடையறாது முழந்தாளிட்டு எழச் செய்யப்பட்டனர். தொங்கவிடும் தண்டனையைத் தமிழர் கோதண்டம் என்றனர். இம்முறையின் குறை வெளிப்படை. எல்லாப் பிள்ளைகளும் விடியுமுன்னரே வந்துவிட்டாலும் அவருள் ஒருவன் கடைசியாகவே இருப்பான். அவன் அடி வாங்கியே தீரல் வேண்டும். அவன் செய்த குற்றம் யாது?

சென்னை எழும்பூரிற் சிறுவர் அநாதை விடுதியை 1789 இற் பொறுப்பேற்ற அந்திரு பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையை 1797 இல் நூலாக்கி இங்கிலாந்திற் பரப்பியவரும் அவரே. அக்காலத்து இலண்டனிற் பள்ளி நடத்திய யோசேப்பு இலங்காஸ்தர் பிரம்படியை வெறுத்தவர். நன்கு பயின்றோர்க்குச் சீட்டுகள் கொடுத்து, அவை சேர்ந்தபின் ஈடாகப் பரிசளித்தார். ஆயினும், தவறு செய்தவன் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிட்டார். சிலரைக் கூடையிலிட்டு முகட்டில் உயர்த்தி ஏனையோர் நகைக்கச் செய்தார். அடி நீங்கிய இடத்தில் அவமானம் குடிபுகுந்தது. இதனை விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு.

நம் நாட்டுக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் உடற்றண்டனையை விலக்கியது. ஆசிரியர் அறைந்தமையாற் செவிப்புலன் கெட்ட ஒரு மாணவனின் வழக்கில், அச்செயல் அடிப்படை உரிமை மீறலென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பு பல வகுப்புகளினின்றும் மறைந்தது. ஆனால், காலைக் கூட்டத்தில் யாவருங் காணத் தலைமயிரைக் கத்தரித்தலும், பிந்தி வந்தவனை வாயிலில் வெயில்காய வைத்தலும், குறைந்த புள்ளி பெற்றவன் பெயரை உரக்க வாசித்தலும் மறைந்தில. கேட்டால், “நாம் அடிக்கவில்லையே” என்பர். கோலை வாங்கியவர் மாற்றுக் கருவி தரவில்லை என்னும் ஆசிரியரின் முறைப்பாடும் பொய்யன்று. நாற்பது பேரை ஒருவர் நாற்பது நிமிடம் கட்டிமேய்ப்பது சுற்றறிக்கை எழுதுவதிலும் கடினமானது!

ஆசிரியர் வெளியேறியதும் வகுப்பு எவ்வாறிருக்கின்றது என்பதே உண்மைச் சோதனை. இதனை உளவியலாளர் குர்ட் லெவினும் அவர்தம் துணைவரும் அமெரிக்காவிற் சிறுவர் கழகங்களில் ஆராய்ந்து 1939 இல் வெளியிட்டனர். கட்டளையால் நடத்தப்பட்டு அடங்கியிருந்த சிறுவர், தலைவர் வெளியேறியதும் வேலையைப் பெரிதுங் கைவிட்டனர். கலந்து பேசி வேலையைத் தீர்மானித்த குழுவினரோ ஏறத்தாழ முன்போலவே தொடர்ந்தனர். வகுப்பு விதிகளை ஆண்டுத் தொடக்கத்தில் மாணவரோடு பேசி வகுத்தல் வீண்செயலன்று என்பதற்கு இது சான்று. அவ்விதிகள் ஐந்தாறுக்கு மேற்படாதிருத்தல் நன்று. ஐம்பது விதிகளை ஆசிரியரே நினைவில் வைப்பதில்லை.

பரிசும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1973 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இயல்பாகவே விரும்பிப் படம் வரைந்த பாலர்க்கு, வரைந்தாற் பரிசு உண்டென முன்கூட்டியே உறுதி கூறப்பட்டது. சில நாட்களின்பின் அவர்கள் படம் வரைந்த நேரம், பரிசின்றி வரைந்தோரின் நேரத்திற் பாதியளவே. எதிர்பாராது பரிசு பெற்றவர்க்கோ அக்குறை நேரவில்லை. இரண்டும் பரிசே, முன்னையது கூலியாகிவிட்டது.

நமது பரிசளிப்பு விழாவில் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே பிள்ளைகள் மேடையேறுகின்றனர். முப்பத்தைந்தாம் நிலையிலிருந்து இருபதாம் நிலைக்கு உயர்ந்தவன் கீழேயிருந்து கைதட்டுகின்றான். அவனுடைய கொப்பியின் ஓரத்தில் ஆசிரியர் எழுதும் இரண்டு வரிக்குச் செலவொன்றும் இல்லை. அவ்வாறே, பிந்தி வருவோர் பதிவேட்டில் காரணத்துக்கென ஒரு நிரல் சேர்த்து ஒரு தவணை எழுதிப் பார்க்கலாம். முதற் பேருந்து நிரம்பிவிடுவதால் ஏறமுடியாதவன் எவன், தம்பியைப் பள்ளியில் விட்டு வருபவன் எவன், உறங்கிக் கிடந்தவன் எவன் என்பது அப்போது தெரியவரும். மூன்றாமவனைப் பாடசாலை விட்டபின் அரைமணி நேரம் இருத்தித் தவறிய பாடத்தை எழுதச் செய்தல் தகும். முதலாமவனுக்காக அதிபர் எழுதவேண்டிய கடிதம் போக்குவரத்துச் சாலைக்கு உரியது.