குச்சி சொல்லுமா, காலண்டர் சொல்லுமா?

"டாக்டர், மூணு மாசமா விலக்காகல. திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குது. வீட்லயே சோதிச்சுப் பார்க்கிற குச்சி ஒண்ணை பொண்ணு வாங்கிக் கொடுத்திருக்கா. ரெண்டு கோடு விழுந்தா நின்னு போச்சுன்னுதானே அர்த்தம்?"

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்மணிகளும் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். பதில்: அப்படி அர்த்தமில்லை!

அந்தக் குச்சி சிறுநீரில் பார்ப்பது எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை. 'கருமுட்டையை வளர்த்து விடு' என்று மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்கு அனுப்பும் உத்தரவு அது. வயதாகி சினைப்பை அசரும்போது உத்தரவின் சத்தம் கூடும். மில்லிக்கு 25 மில்லி யூனிட்டைத் தொட்டால், பெரும்பாலான குச்சிகளில் இரண்டு கோடும் ஒரே அழுத்தமாகத் தெரியும்.

ஆனால் விலக்கு நிற்கப் போகிற வருடங்களில் இந்த ஹார்மோன் ஏறும், இறங்கும். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது நம்ம ஊர் வாய்க்கால் ஒரு வாரம் காய்ந்து கிடக்கும். உடனே மேட்டூரை மூடிட்டாங்க என்போமா? அதேபோல, இன்று இரண்டு கோடு விழும். அடுத்த மாதமே விலக்காகும். ஏன், கருவே தரிக்கலாம்!

45 வயதைத் தாண்டியவர்களுக்குப் பொதுவாக இந்தச் சோதனையே வேண்டாம். காலண்டரில் குறித்து வையுங்கள். கடைசி விலக்குக்குப் பின் 12 மாதம் முழுசாகக் கடந்தால்தான் மெனோபாஸ். நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில் இது வரும். 50-க்கு முன் நின்றவர்கள் 2 வருடமும், பின் நின்றவர்கள் 1 வருடமும் கருத்தடையைக் கைவிடக் கூடாது.

"நாடி பார்த்துச் சொல்லிடுங்களேன்" என்பவர்களுக்கும் நான் காலண்டரைத்தான் காட்டுகிறேன்.

40 வயதுக்குள் விலக்கு நின்றால் கதையே வேறு. முதலில் கர்ப்பமா, தைராய்டு கோளாறா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். சீக்கிரமே நின்றுவிட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் இது: ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் 'உடம்பு சூடு' என்று வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம். தஞ்சை ராசா மிராசுதார் அரசு மருத்துவமனை போன்ற இடத்தில் மகளிர் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் குணப்படுத்த முடியும்.

உளுந்தங்களியும் எள்ளுருண்டையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், தெம்புக்கு நல்லது. ஆனால் அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்!