போத்தா, விதையா?

வீட்டுக் கொல்லையில் முருங்கை வைக்க நினைப்பவரிடம், நன்றாகக் காய்க்கும் மரத்தில் ஒரு போத்து வெட்டி நடச் சொல்வது நம் ஊர் வழக்கம். விதை போட்டால் காய் எப்படி வருமோ என்ற தயக்கம் அதன் பின்னால் இருக்கிறது. இந்தத் தயக்கத்தில் அறிவியல் இருக்கிறது. முருங்கை பெரும்பாலும் அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது. எந்த மரத்து மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே காயின் விதைகள்கூட ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. போத்தில் இந்தக் கலப்புக்கு இடமில்லை. அது தாய்மரத்தின் உடலே. யாழ்ப்பாணம், சாவகச்சேரி முருங்கைகளின் நீளக் காய்கள் தலைமுறை தாண்டி நிலைத்ததும் போத்தால்தான். ஏற்கெனவே முதிர்ந்த கிளை என்பதால், விதையில் வரும் மர முருங்கையைவிட முந்திக் காய்க்கவும் செய்யும்.

வெட்டிய கிளையில் வேர் எப்படி வருகிறது? மொட்டுகளில் சுரக்கும் ஆக்சின் என்ற வளரூக்கி தண்டின் அடியை நோக்கி நகர்கிறது. வெட்டுவாயை எட்டியதும் அங்கேயே தேங்குகிறது. அதன் தூண்டுதலால் அருகிலுள்ள செல்கள் மறுபடி பிரிந்து வேர்களாகின்றன. ஆக்சினுக்கு இந்த ஆற்றல் உண்டென்பது 1930களில் உறுதியானது. நர்சரிகளில் விற்கும் வேரூக்கிப் பொடியில் இருப்பதும் அந்த வகைப் பொருளே. வேர் பிடிக்கும்வரை கிளைக்குள் இருக்கும் மாவுச்சத்தும் ஈரமும்தான் கையிருப்பு. அதனால்தான் முருங்கைக்கு விரல்கனக் குச்சி போதாது, ஒரு மீட்டர் நீளத்தில் நல்ல மொத்தமான கிளை வேண்டும். மேல்முனையில் சாணி அப்புவது வீண் சடங்கல்ல, அந்த ஈரத்தைக் காக்கும் வழி. பரிவு மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றுபவர்கள்தான் போத்தை அழுக வைக்கிறார்கள்.

அப்படியானால் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 செடி முருங்கை, விதையிலிருந்தே ஆறு மாதத்தில் காய்க்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது பல தலைமுறை தன் மகரந்தச் சேர்க்கை செய்து சீராக்கிய ரகம். வாங்கிய விதைக்குத்தான் அந்த உறுதி. பல ரகங்கள் பூக்கும் தெருவில் அதன் காயிலிருந்து நாமே எடுக்கும் விதைக்கு இல்லை. வேரைப் பற்றிய ஆட்சேபம் இதைவிட வலுவானது. விதைக்கன்று ஆணிவேரை ஆழமாக இறக்கும். போத்துக்கு அது கிடையாது, பக்கவேர்கள்தான். பலத்த காற்றில் சாய்வதற்கும் வறட்சியில் வாடுவதற்கும் வாய்ப்பு அதிகம். முருங்கைக் கிளை எப்படியும் முறியக்கூடியதுதான் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது. கிளை முறிந்தால் துளிர்க்கும், அடியோடு சாய்ந்தால் கஷ்டம்.

ஆக, காயின் ருசி தெரிந்த மரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் போத்துதான் சரி. தண்ணீர் குறைந்த, காற்று மிகுந்த இடமென்றால் நம்பகமான விதையை வாங்கிக் குழியிலேயே நேராக ஊன்றுங்கள். பையில் வளர்த்துத் தாமதமாக மாற்றினால் அந்த ஆணிவேர்தான் முதலில் சேதமாகும்.